பத்தாவது எட்டு நொடி

நாலு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது இளையவள் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். அடுத்து கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அதன் வயிற்றிலிருந்து பேட்டரியை எடுத்தாள். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு துணியைக் கட்டி நுனியை வாளிக்குள் தொங்கவிட்டாள், இனித் தண்ணீர் சத்தம் போடாமல் துணி வழியாக இறங்கும். அண்ணன் சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு அம்மாவின் கட்டிலருகே நின்றிருந்தான். அதையும் வாங்கி மெத்தைக்கு அடியில் செருகினாள்.

"ஆம்புலன்ஸுக்கு அஞ்சு மணின்னு சொல்லியிருக்கேன்" என்றான் அண்ணன். "அஞ்சுன்னா அஞ்சு. அப்புறம் யார் சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்."

அம்மா கண்ணைத் திறக்காமலே இடதுகையின் ஒரு விரலை உயர்த்தினாள். பேசாதே என்று அர்த்தம். நாற்பத்தாறு வயதான, ஊரில் பாதி லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அண்ணன் வாயை மூடிக்கொண்டான்.

வீட்டில் அடக்க முடியாத சத்தம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது அம்மாவுக்குக் காற்றுக் கொடுக்கும் ஆக்ஸிஜன் மெஷின். அது கட்டிலின் கால்மாட்டில் உறுமிக்கொண்டிருந்தது, அதற்கு மேலே அம்மாவின் மூச்சு, இழுப்பும் விடுப்புமாக. இரண்டும் சேர்ந்து தொலைபேசிக்குள் போகும் என்று வானொலி நிலையத்தாரிடம் முதலிலேயே சொல்லியாகிவிட்டது. பரவாயில்லை, வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வானொலியில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற போட்டி அது. ஒரு இசைத்துண்டு எட்டு நொடி ஒலிக்கும். இருபதாம் நூற்றாண்டில் மேற்கத்திய செவ்வியல் இசை எழுதியவர்களில் அதை எழுதியவர் யார் என்று ஐந்து நொடிக்குள் சொல்ல வேண்டும். ஆள் யார் என்று சொன்னால் போதும், மற்றதெல்லாம் வேண்டாம். வீட்டிலிருந்தே தொலைபேசியில் கலந்துகொள்ளலாம். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், தொழில்தான் பெயர். ஜெயித்தவருக்குக் கோப்பையோ சால்வையோ கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வானொலி அவர் சொன்னபடி ஆடும், அவர் கேட்டதையெல்லாம் முழுசாகப் போடுவார்கள். அம்மாவுக்கு வேண்டியது அந்த ஒரு மணி நேரம்.

ஏன் என்றால், அம்மா முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். அவளுக்கு இசை சொல்லிக்கொடுத்தது எந்த வாத்தியாரும் இல்லை, ஒரு ஒயர். வானொலி நிலையத்தின் கச்சேரிகள் அந்த எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் வேறு ஊருக்குப் போகும். கால்மணிக்கு ஒருதரம் அந்த ஒயரின் பிளக்கைச் செருகி, ஏழெட்டு நொடி காது கொடுத்து, கரகரப்பு இருக்கிறதா இல்லையா என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் பிடுங்கிவிட வேண்டும். கூட இரண்டு நொடி கேட்டாலும் மேற்பார்வையாளர் முறைப்பார். ஆகவே ஓய்வு பெறும் வரைக்கும் அம்மா ஒரு இசையையும் முழுசாகக் கேட்டது கிடையாது, எட்டு எட்டு நொடியாகவே கேட்டுத் தீர்த்தாள். மறுநாள் செய்தித்தாளில் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, ஏழேகாலுக்கு வந்தவர் இன்னார், ஏழரைக்கு வந்தவர் இன்னார் என்று பொருத்திக்கொள்வாள். "ஒரு ஆளைத் தெரிஞ்சுக்க அவன் கதை முழுக்கக் கேக்கணுமா? ஹலோன்னாலே போதுமே" என்பாள்.

பதினோரு வருடமாகப் போட்டியில் இருக்கிறாள். நாலு முறை இறுதிச் சுற்று வரைக்கும் போனாள். நாலு முறையும் ஒரே ஆளிடம் தோற்றாள். அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவர், அதனால் வானொலியில் அவர் பெயர் மீட்டர்காரர். இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பாம்பின் கால் பாம்பறியும். போன வருடம் போட்டி நடுவிலேயே அம்மா அவரிடம், சிகரெட்டை விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறதே என்று கேட்டாள். மூன்று வாரமாகிறது, என் பெண்டாட்டிக்கே இன்னும் தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் திகைத்துப் போனார். உங்கள் மூச்சில் விசில் சத்தம் நின்றுவிட்டது என்றாள் அம்மா.

இந்த வருடம் ஐந்தாவது முறையாக இருவரும் மோதுகிறார்கள். ஆனால் அம்மாவின் குரல் போய் ஒன்பது நாளாகிறது. நுரையீரலில் பாதி வேலை செய்யவில்லை. கையில் மட்டும் கொஞ்சம் உயிர் பாக்கி இருந்தது.

அந்தக் கையை வைத்து இளையவள் ஒரு ஏற்பாடு செய்தாள். அவள் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறவள். மெழுகுப் பல்லில் மயிரிழை அளவு மேடு இருந்தாலும் விரல் நுனியால் கண்டுபிடித்துவிடுவாள், விரல்தான் அவளுக்குக் கண். அம்மாவின் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தேசம் ஒதுக்கினாள். கட்டைவிரல் ரஷ்யா, ஆள்காட்டி பிரான்ஸ், நடுவிரல் ஹங்கேரியும் அக்கம்பக்கமும், மோதிரவிரல் இங்கிலாந்தும் அமெரிக்காவும், சுண்டுவிரல் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். அந்த விரலை எத்தனை தரம் அமுக்கினால் யார் என்று ஒரு பட்டியல் எழுதி பீரோவில் ஒட்டியிருந்தது. கட்டைவிரல் ஒருதரம் என்றால் ஸ்ட்ராவின்ஸ்கி, இரண்டு தரம் ப்ரோகோஃபியெவ், மூன்று தரம் ஷோஸ்டகோவிச். மிச்சம் மீதிப் பேருக்கு நகத்தால் கீறல், அதற்கும் எண்ணிக்கை உண்டு.

நிலையத்தார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். கை சொல்வதைத்தான் வாய் சொல்ல வேண்டும். இளையவள் சத்தியம் செய்து கொடுத்தாள். அவளுக்கு அதில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை, ஏனென்றால் அவளுக்குக் காதே இல்லை என்பது ஊரறிந்த விஷயம். பன்னிரண்டு வயதில் அவளே சொன்னதுதான். சனிக்கிழமை மதியம் வானொலியில் கச்சேரித் துணுக்குகள் வந்தால் வீட்டில் குழாய் திறக்கக்கூடாது, முறுக்கு கடிக்கக்கூடாது, காய்ச்சல் என்றால்கூட எட்டி நின்று சைகையில்தான் சொல்ல வேண்டும். அந்த ரோஷத்தில் ஒருநாள், இதெல்லாம் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது என்று சொல்லிவிட்டாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருபத்தொன்பது வருடம் அதிலேயே நின்றாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளுவாள். அதெல்லாம் கேலிதான். ஆனால் ஒருதரம் பக்கத்து வீட்டாரிடம், ரெண்டு பெத்தேன், ஒண்ணுக்கும் காது இல்லை என்று அம்மா சொன்னபோது அந்தக் குரலில் கேலி இல்லை. இளையவள் அதைச் சமையலறையிலிருந்து கேட்டாள்.

நாலு மணி. தலையணையில் சாய்த்து வைத்திருந்த தொலைபேசியில் அறிவிப்பாளரின் குரல் வந்தது. எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு வணக்கம் என்றார். மீட்டர்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, நல்லா விளையாடுங்க. எனக்காக விட்டுக்குடுக்காதீங்க" என்றார். அம்மாவின் உதட்டோரம் ஒரு சுருக்கம் விழுந்தது. அவரை விட்டுவைக்கும் உத்தேசம் அவளுக்குக் கொஞ்சமும் இல்லை.

ஆளுக்கு ஐந்து துண்டு, மாறி மாறி. முதலாவது மீட்டர்காரருக்கு. நூறு குரல்கள் ஒரே இடத்தில் நின்று ரீங்கரித்தன, நகரவே இல்லை. லிகெட்டி என்றார், துண்டு முடிவதற்குள். சரி.

இரண்டாவது அம்மாவுக்கு. பியானோ ஒன்று சுத்தியல் மாதிரி விழுந்து, திடீரென்று நக்கலாக ஒரு எட்டு எட்டித் தாண்டியது. அம்மாவின் கட்டைவிரல் இளையவளின் உள்ளங்கையில் இரண்டுதரம் குத்தியது. குத்தல் என்றால் குத்தல், நோயாளியின் கை மாதிரியே இல்லை. "ப்ரோகோஃபியெவ்" என்றாள் இளையவள். சரி. அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

மூன்றாவதில் பியானோவிலேயே பறவைகள் கத்தின. மெஸ்ஸியன் என்றார் மீட்டர்காரர், சரி. நாலாவது அம்மாவுக்கு. அதில் என்ன இருந்தது? ஒரு டிங், ஒரு கிசுகிசுப்பு, நடுவில் வெறும் வெளி. எட்டு நொடியில் ஐந்து நொடி ஒன்றுமே ஒலிக்கவில்லை. அண்ணன் லைன் கட்டாகிவிட்டது என்று பதறி ஃபோனைத் தொடப்போனான். இளையவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். சுண்டுவிரல் அசைவதற்கு முன்னாலேயே அவள் கீழுதடு பல்லுக்கு அடியில் போய் 'வெ' என்பதற்குத் தயாராக நின்றது. அதை அவள் கவனிக்கவில்லை. சுண்டுவிரல் மூன்றுதரம் அமுங்கியது. "வெபர்ன்." சரி.

ஐந்தாவதில்தான் விஷயம் சூடு பிடித்தது. தந்திக்கருவிகள் கசப்பாக ஏதோ முறையிட்டன. மீட்டர்காரர் இரண்டு நொடி யோசித்தார், பதினோரு வருடத்தில் அவர் யோசித்து யாரும் கேட்டதில்லை. ஷோஸ்டகோவிச் என்றார். இல்லை, ப்ரிட்டன் என்றார் அறிவிப்பாளர். ஆனைக்கும் அடி சறுக்கியது. அண்ணன் முஷ்டியை உயர்த்திச் சத்தமே வராமல் கூரையைப் பார்த்துக் கத்தினான். மத்தியானம் முழுக்க இந்தக் கூத்து வேண்டாம் என்று சண்டை போட்டவன் அவன்தான். அம்மாவோ விரலால் இளையவளின் கையை மெல்லத் தடவினாள், பட்டியலில் இல்லாத சைகை அது. பாவம் என்கிறாள் என்று இளையவள் எடுத்துக்கொண்டாள்.

ஆறாவது அம்மாவுக்கு. ஒரு ட்ரம்பெட், சுற்றிலும் மைல் கணக்கில் காலி வெளி. மோதிரவிரல் இரண்டு. "கோப்லண்ட்." சரி. இப்போது மூன்றுக்கு இரண்டு. அம்மா முன்னால் நின்றாள், ஐந்து இறுதிச் சுற்றுகளில் முதன்முறையாக. இளையவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது, கையை விட முடியாததால் உட்கார்ந்தபடியே குதிகாலை மட்டும் தரையில் அடித்தாள். ஏழாவது, ஒரே சின்னப் பேச்சைத் திருப்பித் திருப்பிப் பேசுகிற மாதிரி ஒரு இசை. மீட்டர்காரர் யானாச்செக் என்றார், சரி. மூன்றுக்கு மூன்று.

எட்டாவது அம்மாவுக்கு. புல்லாங்குழல், ஹார்ப், பளபளவென்று மேலே ஏறி மேலேயே நின்றது. பிரான்ஸ் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் பிரான்ஸில் யார்? ஒரு நொடி. இரண்டு நொடி. அண்ணன் கை இரண்டையும் கோர்த்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். மூன்று நொடி. ஆள்காட்டி விரல் அமுங்கியது, காகிதம் மேலே காகிதம் விழுவது போல. பிறகு இன்னொரு தரம். வேறு யாராயிருந்தாலும் அந்த இரண்டாவதைத் தவறவிட்டிருப்பார்கள். பல் பட்டறை விரல் விடவில்லை. "ராவெல்" என்றாள். சரி.

ஒன்பதாவதில் மீட்டர்காரர் முழு ஐந்து நொடியும் எடுத்துக்கொண்டு ஆல்பன் பெர்க் என்றார். சரி. நாலுக்கு நாலு.

பத்தாவது அம்மாவுக்கு. இது சரியாக இருந்தால் அந்த ஒரு மணி நேரம் அம்மாவுடையது. அறிவிப்பாளர் வேண்டுமென்றே ஒருமுறை இருமிவிட்டுத்தான் போட்டார். கீழே செல்லோக்கள் முனகின, மேலே ஒரு சைலஃபோன் எலும்பு மாதிரி கடகடத்தது, பக்கத்தில் சின்ன முரசு ஒன்று யாரையோ அழைத்துப்போக வந்த மாதிரி நடை போட்டது. எட்டு நொடி முடிந்தது. இளையவள் அம்மாவின் கட்டைவிரலைத் தன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் பிடித்திருந்தாள். ஒன்று. நன்றாகத் தெரிந்தது. இரண்டு. மூன்று.

"ஷோஸ்டகோவிச்."

சரி என்ற சொல் முழுசாக வருவதற்குள் அண்ணன் பீரோவில் ஓங்கி ஒரு அடி அடித்தான். பட்டியல் கீழே விழுந்தது. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே அழுதான், ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சு என்று யாருக்கோ சொன்னான். இளையவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதில் காதே அடைத்துக்கொண்டது. பதினோரு வருடம் காத்திருந்தது கையில் கிடைத்துவிட்டது, அதை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவள் அவள். அறிவிப்பாளர் உற்சாகத்தில் திக்கித் திக்கி வாழ்த்தினார். அம்மாவைத் தோற்கடித்தே பழகிப்போன மீட்டர்காரர் இன்று என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க. அம்மா பக்கத்துல இருக்கறவங்க கொஞ்சம் அவங்களைப் பாருங்க" என்றார் மீட்டர்காரர். "ஒன்பதாவதுக்கு நான் யோசிச்சிட்டிருக்கறப்பவே அவங்க மூச்சு லைன்ல இல்ல. என் முறை வந்தா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கறது அவங்க வழக்கம். அப்படித்தான்னு நினைச்சேன். இன்னும் விடலையே."

அறிவிப்பாளர் சட்டென்று ஏதோ ஒரு இசையைப் போட்டுவிட்டு நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டது லேசாகக் கேட்டது. இளையவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பத்து துண்டுகளாக அவள் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை, கையையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அவள் குனிந்து அம்மாவின் வாயில் காதை வைத்தாள். மெஷின் உறுமியது, வேறொன்றும் இல்லை. அண்ணன் மெஷினை நிறுத்தினான். ஃப்ரிட்ஜ், கடிகாரம், குழாய் எல்லாம் முன்பே அடங்கியிருந்ததால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று.

"அம்மா" என்றான் அண்ணன், சின்னப் பையன் மாதிரி.

தினமும் வருகிற நர்ஸ் ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். ஐம்பது வயது இருக்கும், வளவளவென்று பேசாதவர். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், கழுத்தில் விரல் வைத்தார், மருத்துவருக்குத் தொலைபேசி செய்து வரச்சொன்னார். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான். எத்தனை மணிக்கு என்று கேட்டார் நர்ஸ், படிவத்தில் எழுத வேண்டும். நாலு இருபதைத் தாண்டியிருக்கும் என்றாள் இளையவள், பத்தாவது துண்டு அப்போதுதான் வந்தது, அதற்கு அம்மா விரலை மூன்றுதரம் அமுக்கினாள்.

எப்படிப் பிடித்திருந்தாய் என்று நர்ஸ் கேட்டார். இளையவள் காட்டினாள். நர்ஸ் இளையவளின் கட்டைவிரலைப் பார்த்தார்.

"கட்டைவிரலால பிடிச்சா நம்ம நாடிதான் நமக்கே தெரியும்மா. புதுசா வேலைக்கு வர்ற எல்லாரும் செய்யற தப்பு. அதுவும் பதட்டத்துல இருந்தா சம்மட்டி மாதிரி அடிக்கும்."

"மூணோட நின்னுதே" என்றாள் இளையவள்.

நர்ஸ் அம்மாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். இளையவள் தன் இரண்டு விரல்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு. ஐந்து. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அப்போதும் போய்க்கொண்டேதான் இருந்திருக்கும். மூன்றோடு எண்ணுவதை நிறுத்தியது அவள்தான், ஏனென்றால் முரசு நடை போட்ட மாத்திரத்தில் அது மூன்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போனவளின் கையைப் பிடித்துக்கொண்டு தன் சொந்தக் காதால் விடை சொல்லியிருக்கிறாள். இருபத்தொன்பது வருடமாக எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு அத்தனையையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறாள். அம்மாவிடம் ஒருநாள், ஒரே ஒருநாள், இது இன்னார்தானே என்று கேட்டிருந்தால் அவள் எப்படிப் பூரித்துப் போயிருப்பாள். அம்மா இறந்துபோனதற்காக அழுவதற்கு முன்னால் இளையவள் அதற்காகத்தான் அழுதாள்.

ஐந்தரைக்கு, செய்தி தெரிந்து அறிவிப்பாளர் கூப்பிட்டார். இளையவள் ஃபோனோடு கூடத்துக்குப் போனாள். ஆறு மணிக்கு முடிவை அறிவிக்க வேண்டும், எக்ஸ்சேஞ்ச் அம்மா ஜெயித்தார், ஜெயித்த நிமிடத்தில் போனார் என்று சொல்லப்போகிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். ஒன்பதாவதிலேயே மூச்சு இல்லை என்று மீட்டர்காரர் சொன்னதை இளையவள் நினைவுபடுத்தினாள். அவரிடமும் பேசினோம் என்றார் அறிவிப்பாளர். மெஷின் சத்தத்தில் தனக்குச் சரியாகக் கேட்காமல் இருந்திருக்கலாம், அம்மாதான் ஜெயித்தாள், அப்படியே போடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

அவருக்குக் கேட்காமல் போயிற்றாம். இளையவள் அந்தப் பொய்யை நினைத்து மீட்டர்காரரை மனதுக்குள் கும்பிட்டாள்.

அண்ணன் ஃபோனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். சரின்னு சொல்லு என்று வாயசைத்தான். அவள் ஃபோனைப் பொத்திக்கொண்டதும் கிசுகிசுத்தான். "வெண்ணெய் திரண்டு வர்றப்ப நீயே பானையை உடைச்சிடாத. பதினோரு வருஷம். யாருக்கு என்ன நஷ்டம்?"

ஒருவருக்கும் நஷ்டம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. போட்டியாளர் விட்டுக்கொடுத்துவிட்டார், நிலையத்தார் தயார், அம்மாவே கேட்டு வாங்காத ஒரு புகழ் அவள் தலைமாட்டில் வந்து நிற்கிறது. சரி என்ற ஒரு சொல் போதும். ஆனால் அம்மா தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னவள் இல்லை. ஒயரில் கரகரப்பு இருந்தால் இருக்கிறது என்று எழுதினவள், மேற்பார்வையாளர் மாற்றி எழுதச் சொன்னபோதும் மாற்றாதவள். இளையவளும் கை சொல்வதைத்தான் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

அது பாதி. மீதிப் பாதி அவ்வளவு யோக்கியமானது அல்ல. அந்தப் பத்தாவது விடை தன்னுடையது என்று யாருக்காவது தெரிய வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அம்மா பக்கத்து அறையில் கிடக்கிறாள், இப்போது போய் இப்படி ஒரு ஆசை. வெட்கமாகவும் இருந்தது, ஆசையும் போகவில்லை.

"பத்தாவது அம்மா சொன்னது இல்ல சார்" என்றாள் ஃபோனில். "அம்மா சொன்னது நாலுதான். நாலும் சரி. ஒண்ணுகூடத் தப்பா சொல்லலை. அதை மட்டும் சொல்லுங்க."

அறிவிப்பாளர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. அப்படியானால் நாலுக்கு நாலு, இருவருக்கும் சமம், அந்த ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு அரை மணி நேரம் என்றார். பிறகு தயங்கிக் கேட்டார்.

"அப்ப பத்தாவது யார் சொன்னது?"

"நான்."

"உங்க பேரைப் போடலாமா?"

"வேண்டாம். அவங்க பொண்ணுன்னு போடுங்க."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபிப்பான் என்று நினைத்தாள். அவன் கோபிக்கவில்லை. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டான். தெரிஞ்சிருக்கு என்றாள். அரை மணி நேரம்தானா, அம்மா இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள் என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஆறு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்த பெண்கள் ஐந்தாறு பேர், பட்டறைக்காரர்கள், மாடி வீட்டார். நாற்காலி போதாமல் பாதிப்பேர் நின்றார்கள். ஃப்ரிட்ஜ் மறுபடி ஓடியது. எல்லோரும் தாழ்ந்த குரலில் ஒரே நேரத்தில் பேசினார்கள், அம்மாவின் கட்டுப்பாடு இல்லாத முதல் சனிக்கிழமை ஆயிற்றே. சமையலறையில் இளையவள் வானொலியைப் போட்டாள். அறிவிப்பாளர் சொன்னது சொன்னபடி சொன்னார். நாலுக்கு நாலு. பத்தாவது விடை அவர் மகளுடையது. கூடத்தில் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் நினைவாக ஒரு இசை, யாருடையது என்று முடிந்த பிறகு சொல்கிறேன் என்று அறிவிப்பாளர் விலகிக்கொண்டார்.

தந்திகள் மெதுவாக ஆரம்பித்தன. இளையவள் கூடத்து வாசலில் வந்து நின்று கையை உயர்த்தினாள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். போனவளுக்கு மௌன அஞ்சலி என்று நினைத்துச் சிலர் எழுந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். இளையவள் எட்டு நொடி கேட்டாள். பிறகு அம்மா படுத்திருந்த பக்கமாகத் திரும்பி, நன்றாகக் கேட்கும்படி, "கோடாய்" என்றாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இசை நாலு நிமிடம் ஓடியது, அத்தனை பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள், கையை இறக்க அவளுக்கும் தோன்றவில்லை.

இசை முடிந்தது. நாம் கேட்டது பார்டோக் என்றார் அறிவிப்பாளர். விரல் சரி, அதே ஹங்கேரி, ஆள்தான் தப்பு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கியது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் ஓடிவந்து அவள் முதுகைத் தடவி, அழாதே, அழாதே என்று சொல்லிவிட்டு, யாராவது தண்ணீர் கொண்டுவாருங்கள் என்றான். எக்ஸ்சேஞ்ச் பெண்களில் ஒருவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் வாங்கி முழுவதும் குடித்தாள்.